பக்கத்தில் உறங்குபவர் சொல்வது

பல் வைத்தியர் தந்த படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துப் பழகியவள் என்பதால், முழுத்தாளையும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் பேனையைத் திறந்தேன். பகலில் நித்திரை வருமா, காலையில் தலையிடிக்குமா, பஸ்ஸில் இருந்தவுடன் கண் சொருகுமா. எல்லாவற்றுக்கும் ஆம் என்று சரி போட்டுக்கொண்டே போனேன். ஏழாவது கேள்வியில் பேனை நின்றுவிட்டது. 'உங்கள் பக்கத்தில் உறங்குபவர் உங்கள் குறட்டையைப் பற்றி என்ன சொல்கிறார்?' அதற்குக் கீழே இன்னொரு கோடு: 'அவர் உங்களுக்கு என்ன உறவு?'

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். தனியாக இருக்கிறவர்களுக்கு வேறு படிவம் இல்லையா என்று தாதியிடம் கேட்டேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அந்தப் பிள்ளை சிரித்தது. ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதே, தெரிந்ததை எழுது என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லுகிறவள் நான். அன்று ஏழாவது கேள்வியை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன்.

நான் குறட்டை விடுகிறவள் என்பதே எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரியவந்தது. கலியாணம் கட்டவில்லை. அப்பா இருந்த காலத்தில் வீட்டில் கேட்ட குறட்டை எல்லாம் அப்பாவின் பெயரில்தான் போனது. அவருக்குப் பிறகு அம்மாவும் நானும் ஒரே அறையில் படுத்தோம். அம்மாவுக்குக் கடைசிப் பதினைந்து வருடமும் காது கேட்காது. அவர் என் பக்கத்தில் நிம்மதியாக உறங்கினார், நானும் என்னைப் பற்றி நல்ல எண்ணத்தோடு உறங்கினேன். அம்மா போன பிறகு திருகோணமலை உப்புவெளி வீட்டில் நானும் மின்விசிறியும்தான். பின்னால் இருக்கும் விருந்தினர் விடுதியில் வெள்ளைக்காரர் பாட்டுப் போட்டால் யன்னலைச் சாத்துவேன். என் சத்தம் அந்தப் பக்கம் போகும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

தெரியவந்தது மட்டக்களப்பில். கணித விடைத்தாள் திருத்துவதற்கு அங்கே ஒரு பெண்கள் பாடசாலையில் நிலையம் போட்டிருந்தார்கள். வெளியூர் ஆசிரியைகள் எல்லோருக்கும் படுக்கை பிரதான மண்டபத்தில். மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்துப் படுப்போம். எங்கள் குழுவுக்கு நான் தலைமை. ஒருவர் திருத்திய தாளை இன்னொருவர் வேறு நிறப் பேனையால் சரிபார்த்துப் புள்ளியைக் கூட்டுவார். அவரை இரண்டாம் பரீட்சகர் என்போம். அவருக்குப் பிறகு அது என்னிடம் வரும். பிழை பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு, அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

முதல் இரவு பாய்கள் நெருக்கமாக, வரிசையாகத்தான் இருந்தன. விடிய எழும்பிப் பார்த்தால் என்னைச் சுற்றி ஒரு வகுப்பறை அளவுக்கு வெறும் நிலம். எல்லோரும் மேடைப் பக்கமாக ஒதுங்கி, ஒருவர் மேல் ஒருவர் விழாத குறையாகக் கிடந்தார்கள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? தலைமைப் பரீட்சகருக்கு மரியாதை என்று தோன்றியது. எங்கள் ஆட்கள் மேலதிகாரிக்குப் பக்கத்துக் கதிரையில்கூட இருக்க மாட்டார்கள், படுக்கிறதிலும் இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோசமும் வந்தது. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒருவர் மட்டும் ஒதுங்கவில்லை. மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் ஆசிரியை, நாற்பது வயது இருக்கும். என் கால்மாட்டில் சுவரில் சாய்ந்து, முக்காட்டைப் போர்த்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி குந்தியிருந்தார். சுபஹுத் தொழுகைக்கு எழும்பியிருக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த இரவும் மற்றவர்கள் மேடையடியில் பாய் போட, இவர் மட்டும் என் காலடியில். சரி, எனக்கு வால் பிடிக்கப் பார்க்கிறார் என்று தீர்மானித்துவிட்டேன். வால் பிடிக்கிறவர்களை எனக்கு ஆகாது. அந்த இரவு யாரோ என் குதிக்காலைத் தட்டுவதுபோல இரண்டு மூன்று தடவை கனவு வந்தது. கனவில் எரிச்சலோடு காலை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் இரண்டாம் பரீட்சகராகக் கூட்டிய கட்டு என்னிடம் வந்தது. திருத்தம் சரி, கூட்டல் பிழை. ஒன்றல்ல, ஐந்து தாளில். நாற்பத்தேழும் எட்டும் ஐம்பத்து மூன்று என்று போட்டிருந்தார். கூட்டல் பிழையில் ஒரு பிள்ளையின் எதிர்காலமே போகும், அதில் நான் யாரையும் மன்னிப்பதில்லை. ஆனால் அன்று கூட்டல் மட்டும் என் கோபத்துக்குக் காரணமில்லை. அவரைக் கூப்பிட்டு, இருபது பேருக்கு முன்னால் கட்டை மேசையில் போட்டேன்.

"நித்திரையிலயோ டீச்சர் கூட்டினனீங்கள்?"

மண்டபம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. என் பகிடி நன்றாக எடுபட்டுவிட்டது என்று எனக்குப் பெருமை. அவர் கட்டை எடுத்துக்கொண்டு போய், மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பாமல் முழுவதையும் திரும்பக் கூட்டிக் கொண்டுவந்து வைத்தார்.

வேலை முடிந்து திருகோணமலைக்குத் திரும்பும் பஸ்ஸில், என் பாடசாலையிலிருந்து என்னோடு வந்த இளம் ஆசிரியை ஒரு பொட்டலம் கச்சான் கடலையை என் கையில் தந்துவிட்டு, நிறைய நேரம் யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, குறை நினைக்க வேண்டாம், வைத்தியரிடம் ஒருக்கால் காட்டுங்கள் என்று தொடங்கினாள். பாய்கள் ஏன் தள்ளிப் போயின என்று அப்போதுதான் விளங்கியது. மண்டபம் ஏன் சிரித்தது என்றும் விளங்கியது. வெருகல் தாண்டிய பிறகும் கச்சான் மடியிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் விடைத்தாள் திருத்த நான் விண்ணப்பிக்கவில்லை. கண்ணில் கோளாறு என்று சொன்னேன். சித்தியின் மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போனவள், இரவே பஸ் ஏறித் திரும்பினேன். பாடசாலைச் சுற்றுலாவுக்கும் போகவில்லை. மனிதர் நடுவில் படுக்கிற பாக்கியம் எனக்கு இனி இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். அது ஒரு பெரிய பாக்கியம் என்பதே கைவிட்ட பிறகுதான் தெரிந்தது.

பயம் தனியாக வந்தது. ஒரு நாள் அதிபரின் கூட்டத்தில், முன்வரிசையில் இருந்தபடியே உறங்கிப்போனேன். மூச்சு முட்டி, பெரிய சத்தத்தோடு விழித்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியசாலைக்குப் போனேன். விரலிலும் மூக்கடியிலும் வயரைப் பூட்டி, ஒரு சின்னப் பெட்டியைத் தந்து வீட்டில் படுக்கச் சொன்னார்கள். முடிவு வந்தபோது வைத்தியர் நிதானமாகச் சொன்னார்: குறட்டை ஒரு பக்கம் இருக்கட்டும், நித்திரையில் உங்கள் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறது. நாக்கும் தாடையும் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறதாம். முகமூடி போட்டுக் காற்றடிக்கிற இயந்திரம் ஒன்று உண்டு, உங்கள் அளவுக்கு முதலில் வாய்க் கருவியைப் பாவித்துப் பார்க்கலாம் என்று பல் வைத்தியரிடம் அனுப்பினார்.

பல் வைத்தியர் இளைஞர், பொறுமைசாலி. வாயில் களிபோன்ற ஒன்றை வைத்து மேலுக்கும் கீழுக்கும் அச்சு எடுத்தார். கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளச் சொல்லி மெழுகைக் கடிக்கவைத்தார். அச்சு கொழும்புக்குப் போய்ச் சில கிழமையில் கருவியாக வந்தது. கண்ணாடிபோல இரண்டு துண்டு, மேல்பல்லுக்கு ஒன்று, கீழ்ப்பல்லுக்கு ஒன்று. இரண்டையும் இரு பக்கமும் சின்னத் திருகாணி இணைத்து வைத்திருக்கிறது. தீக்குச்சி அளவில் ஒரு திறப்பும் தந்தார். அதால் திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் கீழ்த்தாடை ஒரு மயிரிழை முன்னால் போகும். தாடை முன்னால் நின்றால் தொண்டை திறந்திருக்கும், அவ்வளவுதான் சங்கதி. சுடுதண்ணீர் மட்டும் காட்டிவிடாதீர்கள், வளைந்துவிடும் என்றார்.

முதல் கிழமை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தலையணை முழுக்க வீணீர். காலையில் கழற்றினால் பல்லோடு பல் பொருந்தாது. அரைமணி நேரத்துக்குக் கீழ்த்தாடை வேறு யாருடையதோ போல நிற்கும். பாணைக் கடித்தால் முன்பல் ஒரு பக்கம், பாண் ஒரு பக்கம். சாமிப் படத்துக்கு முன்னால் தேவாரம் பாடினால் சகரமெல்லாம் காற்றாகப் போகும். சிவபெருமான் பொறுத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். அம்மா இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஒருவரும் சிரிக்காத வீட்டில், கண்ணாடிக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்து நானே சிரித்துப் பார்த்தேன். அது சரிவரவில்லை.

பழகிவிட்டது. தலையிடியும் குறைந்ததுபோல இருந்தது. ஆனால் மறுமுறை போனபோது பல் வைத்தியர் அதே ஏழாவது கேள்வியைக் கையில் எடுத்தார். திருகாணியை இன்னும் எவ்வளவு திருப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். கூடத் திருப்பினால் தாடை மூட்டு நோகும், குறையத் திருப்பினால் பலன் இல்லை. திரும்பவும் பெட்டி பூட்டிப் பார்க்க முறை வருவதற்கு மாதங்கள் ஆகும்.

"அதுவரைக்கும் ஆராவது பக்கத்தில இருந்து கேக்க வேணும் டீச்சர். உங்களுக்கே உங்கட நித்திரை தெரியாதுதானே."

கைபேசியில் பதிந்து பாருங்கள் என்றும் சொன்னார். பதிந்தேன். காலையில் தேத்தண்ணியோடு இருந்து கேட்டேன். மின்விசிறி, கடல், நாய், விடுதிப் பாட்டு, நடுவில் எங்கோ மரம் அரிகிற மாதிரி ஒரு சத்தம். அது நின்றது. நின்றது நான் மூச்சு விடாததாலா, நல்லபடி மூச்சு விடுவதாலா? கைபேசிக்குத் தெரியவில்லை. ஒரு தேத்தண்ணி ஆறும் வரைக்கும் நான் உயிரோடு இருக்கிறேனா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டேன். அன்றைக்குத்தான் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த உலகத்தில் நான் உறங்கும்போது என் மூச்சைக் கேட்ட ஒருவரும் இல்லையே என்று நினைத்து அழுதேன். அப்படி நினைக்கும்போதுதான் மூதூர் ஆசிரியையின் ஞாபகம் வந்தது. அந்த மண்டபத்தில் பத்து நாளும் என் காலடியில் படுத்தவர் அவர் ஒருவர்தான்.

பரீட்சகர் குழுவின் வாட்ஸ்அப்பில் அவருடைய இலக்கம் இருந்தது. அழைப்பு எடுப்பதற்கு மூன்று நாள் போனது. ஒரு விசயம் கேட்க வேண்டும், நேரில் வரலாமா என்றேன். என்ன விசயம் என்று அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்றார். கருவியைக் கழுவிப் பெட்டியில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்துப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரு சீப்புக் கதலிப்பழமும் பிஸ்கட் பெட்டியும் வாங்கிக்கொண்டு மூதூர் பஸ் ஏறினேன். ஒரு காலத்தில் துறைமுகத்திலிருந்து படகில் போவோம். இப்போது சீனன்குடா, கிண்ணியாப் பாலம் என்று பஸ்ஸிலேயே குடாவைச் சுற்றிப் போகலாம். கிண்ணியாப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கவும் உறங்கிப்போனேன். பக்கத்தில் இருந்த மனிதர் எழும்பிப் பின் இருக்கைக்குப் போனது அரைகுறையாகத் தெரிந்தது.

அவருடைய வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் உம்மம்மா வீட்டில். நான் சைவமோ என்னவோ என்று மரக்கறியைத் தனியாகவும் மீன் ஆணத்தைத் தனியாகவும் வைத்திருந்தார். இரண்டையும் சாப்பிட்டேன். கை கழுவிய பிறகும் கதையைத் தொடங்க எனக்கு ஏலவில்லை. அவருடைய மேசையில் தவணைப் பரீட்சைத் தாள் கட்டு ஒன்று இருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டேன்.

"நீங்கள் ஒராள்தான் எனக்குப் பக்கத்தில படுத்தனீங்கள். என்ர குறட்டை எப்பிடி இருந்தது?"

அவர் கதிரையை என் பக்கமாகத் திருப்பினார்.

"குறட்டை பெரிசில்ல டீச்சர். அது கேக்கக்குள்ள எனக்கு நிம்மதி. நிக்கக்குள்ளதான் பயம்."

பிறகு மெதுவாகச் சொன்னார். முதல் இரவு எல்லோரும் பாயைச் சுருட்டும்போது அவரும் சுருட்டியிருக்கிறார். நாலடி போனதும் என் சத்தம் நின்றிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் நெஞ்சு எழும்புகிறது, மூச்சு வரவில்லை. தோளைப் பிடித்து உலுக்க அவருக்குத் துணிவில்லை. நான் தலைமை அல்லவா. அதனால் குதிக்காலில் தட்டியிருக்கிறார். பெரிய சத்தத்தோடு மூச்சு வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் நின்றிருக்கிறது. முதல் மூன்று இரவும் அப்படியே குந்தியிருந்து தட்டினாராம். அதற்குப் பிறகு, கைப்பிள்ளைக்காரி மாதிரி, சத்தம் நின்றால் தானாக விழிப்பு வரப் பழகிவிட்டதாம்.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"கண்டுட்டு எப்பிடி டீச்சர் விட்டுட்டுப் போற? சொன்னா நீங்க வெக்கப்படுவீங்க."

நான் கணக்கு டீச்சர். கணக்கு எனக்கு உடனே வந்துவிட்டது. முதல் இரவு விழிப்பு, இரண்டாம் இரவு விழிப்பு, அடுத்த நாள் நாற்பத்தேழும் எட்டும் ஐம்பத்து மூன்று. என் மூச்சை எண்ணியதால் பிழையாகிப்போன கூட்டலுக்கு, நித்திரையிலா கூட்டினீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். இருபது பேரைச் சிரிக்கவும் வைத்திருக்கிறேன். அந்தக் கதிரையோடு சேர்த்து நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

"அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால உங்களை ஏசினனான். பிழை என்னில. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் தாள் கட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "கூட்டல் பிழை என்னிலதானே டீச்சர்."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்து கருவியைக் காட்டினேன். ஏழாவது கேள்வியைப் பற்றியும் சொன்னேன். அவர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்று விசாரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்து, மண்டபம்போல் இருந்த அந்த முன்னறையில், மின்விசிறிக்கு நேரே விரித்தார். "கொஞ்சம் சாயுங்க. நான் எப்பிடியும் இந்தக் கட்டைத் திருத்தத்தான் போறன்."

பட்டப்பகலில், பிறத்தியார் வீட்டில், வாயில் அந்தக் கருவியோடு. வேறு நாளென்றால் எழும்பிப் போயிருப்பேன். அன்று திரும்பி நின்று கருவியை மாட்டினேன். அவர் மேசையடியில் கதிரையைப் போட்டு இருந்தார். எங்கள் வழக்கப்படி, அவர் பக்கம் கால் படாமல், தலையை அவர் பக்கம் வைத்துப் படுத்தேன். ஒரு மனிசியை நோக்கிக் கால் நீட்டுவது மரியாதையில்லை என்று வளர்த்த உடம்பு இது.

"அப்பிடி இல்ல டீச்சர், மறுபக்கம் படுங்க," என்றார் அவர். "கால் என்ட பக்கம் இருக்கட்டும்."

எழும்பித் திரும்பிப் படுத்தேன். சேலைக் கரையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிட்டு இரண்டு காலையும் அவர் பக்கம் நீட்டினேன். சிவப்புப் பேனை தாளில் ஓடும் சத்தம் கேட்டது. மட்டக்களப்பு மண்டபத்துக்குப் பிறகு, ஒருவர் இருக்கும் அறையில் நான் படுத்து உறங்கியது அந்த மத்தியானம்தான்.

பள்ளியில் பின்னேர அஸர் பாங்கு சொல்லும் சத்தத்தில் விழித்தேன். குறட்டை கொஞ்சம் இருந்தது, மெல்லியது, இரண்டு தரம் மூச்சு நின்றது, ஒரு தரம் தட்டினேன், மற்றது தானாக வந்தது என்று, பரீட்சை முடிவு சொல்கிறவர்போல அவர் சொன்னார். இருட்டுமுன் வீடு சேர வேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினேன். வீட்டில் விளக்கைப் போட்டபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த வெறுமை அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரிந்தது.

அடுத்த முறை வைத்தியசாலைக்குப் போனபோது ஏழாவது கேள்விக்கு நான்கு வரி எழுதினேன். பல் வைத்தியர் அதைக் கவனமாக வாசித்து, திருகாணியை இன்னும் இரண்டு தரம் திருப்பச் சொன்னார். திருப்பிய பிறகு, அதே ஆள் இன்னொரு முறை கேட்டுச் சொன்னால் நல்லது என்றார். சனிக்கிழமை போவேன் என்றேன். அவருடைய விரல் அதற்குக் கீழே இருந்த கோட்டில் நின்றது. அங்கே, அவர் உங்களுக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு, 'இரண்டாம் பரீட்சகர்' என்று எழுதியிருந்தேன்.

இது பிழையாக எழுதப்பட்டிருக்கிறதா டீச்சர் என்று கேட்டார். இல்லைத் தம்பி, அது சரியான விடை என்றேன்.